ஒரு முடிச்சுப் போத்தல்

என்னுடைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துண்டு நூல் கிடக்கிறது. சாக்குத் தைக்கிற தடித்த நூல். ஒரு சாண் நீளம்கூட வராது. அழுக்கேறிக் கறுத்துவிட்டது. இரண்டு முனையும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டவை. நடுவில் ஒரேயொரு முடிச்சு. மனைவி இரண்டு தடவை அதைக் குப்பை என்று எறியப் பார்த்தாள். இரண்டு தடவையும் நான் சத்தம் போட்டேன். ஒரு நூல் துண்டுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்டபோது, அது பள்ளிக்கூடத்துச் சாமான் என்று மட்டும் சொன்னேன். முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பள்ளிக்கூடத்துச் சாமான் அதுதான்.

நான் வேலை பார்த்தது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கலவன் பாடசாலையில். ஆய்வுகூட உதவியாளர் என்பது கடதாசியில் உள்ள பெயர். போத்தல் கழுவுவதும், குழாயில் தண்ணீர் வராத நாட்களில் கிணற்றில் அள்ளிக்கொண்டு வருவதும், பிள்ளைகள் உடைத்த குடுவைகளுக்காக அதிபரிடம் பேச்சு வாங்குவதும்தான் வேலை. அந்த வேலையிலும் பத்து வருடத்துக்கு மேல் தற்காலிகமாகவே இருந்தேன். வருடா வருடம் நிரந்தர நியமனத்துக்கு எழுதிப் போடுவேன், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு நான் செய்த ஒரு காரியத்துக்கு என்னிடம் இருக்கிற சாட்டு இது ஒன்றுதான்.

கெமிஸ்ட்ரி ரீச்சர் கொழும்புத்துறையில் தன் தங்கையின் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். எனக்கு ஏழெட்டு வயது மூத்த அக்கா மாதிரி. என்னைத் தம்பி என்று கூப்பிட்டு, நீர் போட்டுக் கதைப்பார். வாயில் கொஞ்சம் காரம் உண்டு. பிழையாகக் கணக்குச் செய்த பிள்ளையிடம் தகப்பனையும் இழுத்து, "உதை உம்மடை கொப்பரிட்டைக் காட்டாதையும், மனுசன் சாப்பிடாமல் விட்டிடும்" என்பார். பிள்ளை சிரிக்கும், பிறகு திருத்தி எழுதும். அவருடைய வகுப்பில் யாரும் பயந்து நான் பார்த்ததில்லை.

அவருடைய கண் மங்கிக்கொண்டு வந்தது எனக்கு எப்போது தெரிந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் பிள்ளைகள் இருக்கிற மர வாங்கு ஒன்றைக் கழுவி நடைபாதையில் காயவிட்டுப் போயிருந்தேன். ரீச்சர் நேரே வந்து முழங்காலை அதில் அடித்துக்கொண்டார். கண் முன்னால் கிடந்த வாங்கு அது. முழங்காலைத் தடவிக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார். பாடம் முடிந்து பிள்ளைகள் போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எதையும் எடுத்த இடத்திலை வையும். வேறை ஒரு உதவியும் நான் உம்மட்டைக் கேக்க மாட்டன்" என்றார். கண்ணில் ஏதோ அழுத்தம் என்றும், ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறதென்றும், மருந்து விட்டாலும் போனது திரும்பாதென்றும் அவருடைய தங்கை பின்னொரு காலத்தில் எனக்குச் சொன்னார். ரீச்சரும் நானும் அதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. ஒருவருடைய குறையை அவருடைய முகத்துக்கு நேரே கேட்பது மரியாதையில்லை என்றுதான் என்னை வளர்த்திருந்தார்கள். அந்த மரியாதைதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

அவர் எப்படிச் சமாளித்தார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வாசலிலிருந்து மேசைக்கு ஒன்பது அடி, மேசையிலிருந்து போத்தல் அடுக்கிய சுவர்த் தட்டுக்கு நாலு அடி. அடுப்புப் பற்றியதைக் காதால் அறிந்தார், அமோனியாவைத் திறக்கு முன்பே மூக்கால் அறிந்தார். நிறம் ஒன்றுதான் அவருக்கு இடைஞ்சல். அமிலத்தையும் காரத்தையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கிற நியமிப்புப் பரிசோதனையில், எல்லாம் முடியும் கணத்தில் நிறம் மாறும். அதைக் காணாமல் அந்தப் பாடத்தைப் படிப்பிக்க ஏலாது என்று உலகம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது. ரீச்சர் ஒருநாள் உடுவில் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளையிடம் வீட்டுத் தோட்டத்து வெங்காயத்தில் ஒரு பிடி கொண்டுவரச் சொன்னார். என்னைக்கொண்டு அதை அரிந்து, சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் போட்டு மறுநாள் வரை ஊறவைத்தார். அடுத்த நாள் மூடியைத் திறந்தால் வெங்காய மணமே இல்லை. எனக்கு நம்ப முடியவில்லை, இரண்டு தரம் மணந்து பார்த்தேன்.

பிறகு குடுவையைக் கையில் பிடித்து, அளவுகோடு போட்ட அளவிக் குழாயிலிருந்து, தண்ணீர் கலந்து ஐதாக்கிய அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பக்கத்து மேசையில் இரண்டு பிள்ளைகள் வழக்கமான நிறம் மாறுகிற மருந்தைப் போட்டு அதே பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தார்கள். ரீச்சர் குடுவையை ஆட்டுவார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார், தலையை ஆட்டுவார், இன்னொரு சொட்டு விடுவார். திடீரென்று, "வந்திட்டுது" என்றார். குடுவையை நீட்டினார். அடுக்களையில் வெங்காயம் அரிந்த மணம் எழும்பி வந்தது. அளவியில் எவ்வளவு என்று ஒரு பிள்ளை வாசித்துச் சொல்ல, பக்கத்து மேசைக் கணக்கும் அதுவும் அரைச் சொட்டு வித்தியாசத்தில் நின்றன. பிள்ளைகள் கைதட்டினார்கள். ரீச்சர் முகத்தில் அன்று கண்ட சந்தோசத்தை நான் பிறகு காணவில்லை.

இனி நூல். அந்தத் தவணையில்தான் தட்டில் இருந்த போத்தல்களின் கழுத்தில் ரீச்சர் தானே சாக்கு நூல் கட்டத் தொடங்கினார். எல்லாம் ஒரே அளவான தவிட்டு நிறப் போத்தல்கள். நான் ஏனென்று கேட்கவில்லை. "நூலிலை மட்டும் கை வையாதையும்" என்று ஒருதரம் சொன்னார். நான் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தேன். கண் சுகம் வேண்டி மரத்தில் நூல் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ரீச்சர் தான் புழங்குகிற போத்தலில் கட்டுகிறார் என்று எனக்குள்ளேயே முடிவெடுத்து, அதற்காக மனத்துக்குள் இரங்கியும் கொண்டேன். நூலில் முடிச்சுகள் இருந்ததைக் கண்டேன். ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. அது ஒரு எழுத்து என்று எனக்குத் தோன்றவேயில்லை. இரண்டு வருடம் அந்த எழுத்தை விரலால் வாசித்து ஒரு சின்ன விபத்தும் இல்லாமல் அவர் படிப்பித்தார்.

நவராத்திரியின் கடைசியில் பள்ளிக்கூடத்தில் வாணி விழா. ஆய்வுகூடத்திலிருந்து தராசும் நுணுக்குக்காட்டியும் மண்டபத்துக்குப் போய்ச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு இருக்கும், அந்த வருடம் போத்தல்களையும் கேட்டார்கள். முதல் நாள் நான் போத்தல்களைப் பளிச்சென்று கழுவினேன். புது லேபல் ஒட்டி, என் கையெழுத்தில் அழகாக எழுதினேன். கழுத்தில் கிடந்த அழுக்கு நூல் கண்ணைக் குத்தியது. அம்மாளுக்கு முன்னால் சாக்கு நூலோடு வைக்கிறதா? கை வைக்காதே என்று ரீச்சர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் நேர்த்தி நூலை எடுத்துவிட்டு அதைவிடப் புனிதமான நூலைக் கட்டினால் யாருக்கு என்ன குறை என்று நினைத்தேன். பழையவற்றைக் கத்தரித்து எறிந்தேன். மஞ்சள் பூசிய புது நூல் எடுத்து ஒவ்வொரு போத்தலுக்கும் கட்டினேன். மங்கலமான நூலுக்கு மூன்று முடிச்சுப் போடாமல் என் கை நிற்காது. என் கலியாணத்திலும் மூன்றுதான் போட்டேன். எல்லாப் போத்தலுக்கும் மூன்று மூன்று முடிச்சு, பக்தியோடு போட்டேன். விழா முடிந்ததும் தட்டில் திருப்பி அடுக்கும்போது, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று நிறைந்த போத்தல்களைப் பின்னாலும் குறைந்தவற்றை முன்னாலும் வைத்தேன். ரீச்சரைச் சந்தோசப்படுத்தப் போகிறேன் என்ற நினைப்பில்தான் அன்று வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் முதலாம் பாடம். நான் தொட்டியில் குடுவைகள் அலசிக்கொண்டிருந்தேன். சலவைச் சோடாக் கரைசலில் ஐதான அமிலத்தை ஊற்றினால் வாயு கிளம்பும், அதைக் காட்டத்தான் ஒரு பிள்ளையைக் கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடிக்கச் சொல்லியிருந்தார். நாலு அடி நடந்து, தட்டில் கை வைத்து, போத்தலின் கழுத்தைத் தடவினார். மூன்று முடிச்சு. அவருடைய எழுத்தில் மூன்று முடிச்சென்றால் ஐதான அமிலம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒரு கணம் அவர் மூக்கைச் சுளித்ததை நான் கண்டேன். பிறகு மூடியைக் கழற்றி ஊற்றினார். உள்ளே இருந்தது செறிந்த சல்பூரிக் அமிலம். அதற்கு மணமில்லை. இரும்பு போலப் பாரமான சாமான்தான், ஆனால் போத்தல் அரைவாசி காலி, பாரமும் காட்டிக்கொடுக்கவில்லை. கரைசல் கொதித்துப் பொங்கித் தெறித்தது. பிள்ளை வலியில் குளறிக்கொண்டு பாத்திரத்தை விட்டது. நான் ஓடிப்போய் அந்தக் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். மணிக்கட்டில் நாலைந்து இடத்தில் வெந்துவிட்டது. ரீச்சரின் கையிலும் பட்டிருந்தது, அதைப்பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

பிள்ளையை ஆசுபத்திரிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது ரீச்சர் தட்டுக்கு முன்னால் தனியாக நின்றார். ஒவ்வொரு போத்தலாகக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்று. அடுத்ததில் மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று. "எல்லாத்துக்கும் மூண்டு" என்றார், யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அங்கே நிற்பதை அவர் அறிந்துவிட்டார். "மஞ்சள் மணந்தது தம்பி. நான் நிண்டு யோசிச்சிருக்கோணும்" என்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் என் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம். அவர் போன பிறகு குப்பைக் கூடையைக் கிளறினேன். ஒரு முடிச்சு நூல் மட்டும் கிடைத்தது.

அதிபர் விசாரித்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. "ரீச்சர், லேபலை வாசிக்கேல்லையோ?" என்று கேட்டார். ரீச்சர், "வாசிக்க ஏலாது சேர்" என்றார். அதற்கு மேல் கேட்க அதிபருக்கு ஒன்றுமிருக்கவில்லை. இரண்டு வருடம் எப்படிப் படிப்பித்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறைக்குள் இருந்த எல்லோருடைய முகத்திலும் ஒரே சொல் இருந்தது. பாவம். எங்கள் ஊரில் ஒருவரைப் பாவம் என்று சொல்லிவிட்டால் பிறகு அவரிடம் எதையும் கேட்கத் தேவையில்லை.

அவரை ஆய்வுகூடத்திலிருந்து எடுத்து நூலகத்தில் இருத்தினார்கள். இலேசான வேலை என்றார்கள். எழுத்துத் தெரியாத கண்ணோடு புத்தகங்களுக்கு நடுவில் ஒருவரை இருத்துவது அவர்களுக்கு உதவியாகத் தெரிந்தது. ரீச்சர் கதிரையில் நிமிர்ந்து இருந்து, பிள்ளைகள் புத்தகம் எடுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால், "எந்தப் பாடம் போகுது அங்கை?" என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே பிழை விடுவார்கள் என்று சொல்வார்.

இரண்டு மாதம் அப்படி இருந்து பார்த்துவிட்டு, மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் என்னைத்தான் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தான் கேட்பது சலுகையல்ல என்றார். போத்தல்கள் எடுத்த இடத்தில் இருக்க வேண்டும், கழுத்தில் தொட்டறியும் அடையாளம் இருக்க வேண்டும், நிறம் பார்த்துச் சொல்ல ஒரு பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும், மற்றதெல்லாம் தன்னால் ஏலும் என்றார். பிறகு நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்: "விபத்து நடந்த அன்று என்னுடைய அடையாளங்கள் எனக்குத் தெரியாமல் மாற்றப்பட்டிருந்தன. மாற்றியவருக்கு அவற்றின் பொருள் தெரியாது. அது அவருடைய குற்றமல்ல; அவருக்குச் சொல்லி வைக்காதது என்னுடைய குற்றம்."

நான் அதை எழுதவில்லை.

அந்தக் கடிதம் போகிற கல்விக் கந்தோரில்தான் என்னுடைய நிரந்தர நியமனக் கோப்பும் கிடந்தது. மாற்றியவர் யார் என்று ஒருவன் கேட்டால் போதும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. பேனையைக் கடதாசியின் மேல் சும்மா அசைத்தேன், எழுதுகிற சத்தம் வரவேண்டும் என்பதற்காக. "வாசியும்" என்றார். முழுதையும் வாசித்தேன். அந்த மூன்று வசனம் வரவேண்டிய இடத்தில் அவர் சொன்னதை நினைவிலிருந்து அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டினார். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்துக்கு அவருடைய விரலை நானே பிடித்துக்கொண்டுபோய் வைத்தேன். அந்தச் சுட்டுவிரலில் அமிலம் பட்ட தழும்பு இருந்தது.

பதில் வர ஒரு மாதமானது. அதையும் நான்தான் வாசித்தேன். விபத்து எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குத் தாங்கள் எவ்வித விளக்கமும் தராதபடியால் தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க முடியாதுள்ளது என்று எழுதியிருந்தார்கள். நான் கோரிக்கையைப் பரிசீலிக்க முடியாதுள்ளது என்பதை மட்டும் வாசித்தேன். ரீச்சர், "விளக்கத்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டார். "இல்லை ரீச்சர்" என்றேன். "தண்ணி குடியும் தம்பி. உமக்குக் குரல் அடைக்குது" என்றார். ஒரு குடுவையை ஆட்டி மணந்தே முடிவைச் சொன்னவர் அவர். என் குரலில் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. பதில் வந்த அந்த வருடக் கடைசியில் அவர் ஓய்வெடுத்துக்கொண்டு போனார். அடுத்த தை மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

பிறகும் பல வருடம் கொழும்புத்துறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று சைக்கிள் உழக்குவேன். தங்கை தேத்தண்ணி தருவார். ரீச்சர் பள்ளிக்கூடத்தில் என்ன புதினம் என்று கேட்பார். திரும்பி வருவேன். போன வருடம் அவர் காலமானார். செத்த வீட்டில் அவருடைய பழைய மாணவர்கள் நிறையப் பேர் நின்றார்கள். அவரைப் போல ஒருவருக்கு இப்படி வந்ததே என்று கவலைப்பட்டார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

இந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகளுக்குப் பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. உயர்தரத்தில் விஞ்ஞானம்தான் படிப்பேன் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறது. "நீங்கள் அந்தப் பள்ளிக்கூடத்திலை இருந்தனீங்கள் ஐயா, ஒருக்கா வந்து அதிபரோடை கதையுங்கோ" என்றார். தாயும் பிள்ளையும் நானும் போனோம். நூல் என் சட்டைப் பையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வாசலில் புதிதாகச் சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை கட்டியிருக்கிறார்கள். உட்படுத்தல் கல்வி, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பு, என்று அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. சாய்வுப் பாதை அந்த அலுவலகம் வரைதான் போகிறது. ஆய்வுகூடத்துக்கு இப்போதும் ஆறு படி ஏற வேண்டும்.

புது அதிபர் இளம் ஆள், நல்ல மனுசன். பிள்ளையை அன்பாக விசாரித்தார். பிறகு தாயிடம், "அம்மா, நான் விளங்காமல் சொல்லேல்லை. முந்தி இஞ்சை ஒரு ரீச்சர் கண் தெரியாமல் அசிட்டை மாறி ஊத்தி, ஒரு பிள்ளைக்குக் கை வெந்தது. ஐயா அப்ப இருந்தவர், அவரைக் கேளுங்கோ" என்றார்.

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு நான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம், முடிச்சுகள், மஞ்சள் நூல், நான் எழுதாமல் விட்ட மூன்று வசனம், எல்லாம். ரீச்சரில் பிழையில்லை, பிழை என்னுடையது என்றேன். அழுதும்விட்டேன். பெட்டியைத் திறந்து நூலை மேசையில் வைத்தேன்.

அதிபர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். நூலை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தார். "கவலைப்படாதேங்கோ ஐயா, வேணுமெண்டு செய்தனீங்களே?" என்றார். பிறகு தாயைப் பார்த்து, "இதைத்தான் நானும் சொல்லுறன். ஒரு நூல் மாறினதுக்கே இவ்வளவு நடந்திருக்கு. ஒரு நூலை நம்பி நான் எப்பிடி ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்கிறது? கலைப் பிரிவிலை நல்லாப் படிப்பிக்கினம், பிள்ளைக்கு ஒரு குறையும் வராது" என்றார். தாய் தலையாட்டினார். ரீச்சரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய உண்மை, காலம் பிந்தி வந்து, இந்தப் பிள்ளையின் கதவையும் சாத்துவதற்கு உதவியது. நான் மேசையிலிருந்த நூலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கலைப் பிரிவுப் படிவம் வாங்கத் தாய் உள்ளே நிற்க, பிள்ளையும் நானும் வெளியே வந்து ஆய்வுகூடத்துப் படியில் இருந்தோம். "அந்த நூலை ஒருக்காத் தாங்கோ ஐயா" என்றாள். கொடுத்தேன். விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினாள்.

"ஒரு முடிச்சு. இது எந்தப் போத்தல்?"

"செறிந்த சல்பூரிக் அமிலம்."

"ரெண்டு எண்டால்?"

"சோடியம் ஐதரொட்சைட்டு."

"மூண்டு, ஐதான அமிலம். அதை நீங்கள் உள்ளுக்கே சொன்னனீங்கள்." மறுபடியும் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "லேசுதானே ஐயா" என்றாள்.

"ஓம் பிள்ளை, லேசுதான்" என்றேன்.

உள்ளேயிருந்து தாய் கூப்பிட்டார். அவள் எழுந்து, என் கையைத் தேடிப் பிடித்து நூலைத் திருப்பித் தந்துவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு போனாள். நான் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள், எடுத்த இடத்திலேயே வைத்தேன்.